அப்பா இன்று கேட்பது

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், காலை ஆறே முக்கால் முதல் ஏழு மணி வரை எங்கள் வீட்டு எழுத்தர் நான்தான். அப்பா சொல்லச் சொல்ல அவருடைய செல்போனில் தமிழில் அடிக்க வேண்டும். கப்பலூரில் தகடு அடிக்கும் பிரஸ் மிஷினோடு இருபது வருடம் நின்ற கை அவருடையது. ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழும். ஏழு பத்துக்குக் கம்பெனி பஸ் பசுமலைக்கு வந்துவிடும். அவரே அடித்துக்கொண்டிருந்தால் வாக்கியம் முடிவதற்குள் பஸ் போய்விடும் என்பதால் இந்த வேலை எனக்கு வந்தது.

அந்த வாக்கியங்கள் போய்ச் சேர்ந்த இடம் ஒரு குரூப். பெயர் ‘இன்று கேட்பது’. பதினோரு பேர் இருந்தார்கள். அவரவர் அன்றைக்கு எந்தக் கச்சேரிப் பதிவைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று காலையில் எழுத வேண்டும். முடிந்தால் பதிவையும் அனுப்பி வைக்கலாம். அவ்வளவுதான் சட்டம். ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட்ட ஒருவரை இரண்டாம் நாளே வெளியே அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர், திருப்பரங்குன்றத்தில் ரயில் டிக்கெட் கொடுக்கும் மாமா ஒருவர். குரூப்பைத் தொடங்கியவர் டவுனில் துண்டும் லுங்கியும் மொத்தமாக விற்கிற பாய். அப்பாவும் அவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். எனக்கு அவர் கடை மாமா. அவர் கடையில் மேல் தட்டு முழுக்கப் பழைய நாகஸ்வரக் கேசட்டுகள் இருக்கும். அதை எடுக்க ஏணி போட்டால், வந்த வியாபாரியே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அம்புட்டுக் கேசட் வைத்திருந்தவர் எழுதுவது என்னவோ மூன்றே சொல்தான். ‘தோடி. நாகஸ்வரம். நல்லாருக்கு.’ மறுநாள், ‘காம்போதி. நாகஸ்வரம். நல்லாருக்கு.’ மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான், அப்பாவைத் தவிர.

அப்பா சாய்வாக உட்கார்ந்து, இரண்டு காதிலும் இயர்போனைச் செருகி, கண்ணை மூடிக்கொள்வார். கால்மணி நேரம் தொடையில் விரல் மட்டும் அசையும். பிறகு கண்ணைத் திறக்காமலே சொல்லத் தொடங்குவார். “போடு பாப்பா. இன்று கேட்பது சஹானா. கோயில் மண்டபத்தில் பதிவு செய்தது. ஆரம்பத்தில் யாரோ தேங்காய் உடைக்கிறார்கள். வித்வான் அதற்காகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு வாசிக்கிறார். காத்திருந்ததும் வாசிப்பில் சேர்த்திதான்.” இப்படிப் போகும். பஸ் வருவதற்குள் கீழே வரிசையாகக் கைகூப்புகள் வந்து விழும். அவற்றில் பாதி எனக்குச் சேர வேண்டியவை என்று நினைத்துக்கொள்வேன். பெருமை தாங்காமல் அவர் சொல்லாத இடங்களில் ஆச்சரியக்குறி போட்டு அனுப்பியதும் உண்டு.

அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் சண்டைக்கார வீடு என்று பெயர். அம்மா எதையும் கத்தித்தான் சொல்வாள். “ஏங்க, சாப்பிட வாங்க” என்பது மூன்றாவது வீடு வரை கேட்கும். அப்பா எல்லாவற்றுக்கும் “ம்” என்பார். அரிசி தீர்ந்துபோச்சு என்றாலும் ம், உங்க தங்கச்சி வந்துட்டுப் போனா என்றாலும் ம். “காதுல என்னத்த வச்சு அடைச்சிருக்கீங்க?” என்று அம்மா கேட்பாள். எல்லா வீட்டிலும் அப்பாக்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று நான் விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஓர் அவமானம் நடந்தது. பள்ளியில் நூலகப் புத்தகம் படித்து அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். நான் அட்டைப்படத்தை மட்டும் பார்த்து ஒரு பக்கம் எழுதிவிட்டேன். மிஸ் பாராட்டினார். அதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னது என் தப்பு. அப்பா மறுநாள் அரைநாள் லீவு போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போய், வகுப்பு முன்னால் நிறுத்தி, “படிக்காமலே எழுதிட்டேன் மிஸ், மன்னிச்சிருங்க” என்று சொல்ல வைத்தார். திரும்பி வரும்போது, “படிக்காததப் படிச்சேன்னு சொல்றது பொய்தானத்தா?” என்று மட்டும் கேட்டார். நான் அழுதுகொண்டே ஆமாம் என்றேன்.

அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் காலை, அப்பா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது, அவருடைய போன் என் பக்கத்தில் ஜன்னல் கட்டையில் இருந்தது. அதிலிருந்து ஒயர் எதுவும் போகவில்லை. இயர்போனின் ஒயரை அவர் காதிலிருந்து கண்ணால் பிடித்துக்கொண்டு வந்தேன். நெஞ்சு வழியாக இறங்கி அது சட்டைப் பைக்குள் போயிற்று. பைக்குள் பஸ் பாஸும் ஒரு பேனாவும்தான் இருந்தன.

மறந்துவிட்டார் போல என்று நினைத்தேன். ஆனால் விரல் அசைந்துகொண்டிருந்தது. கண்ணைத் திறக்காமல், “போடு பாப்பா, இன்று கேட்பது கரகரப்ரியா” என்றார். நான் அடித்தேன். மறுநாளும் ஒயர் சட்டைப் பைக்குள்தான் போயிற்று. மூன்றாம் நாளும் அப்படியே. என் மண்டைக்குள் மிஸ்ஸும் வகுப்பும் வந்து நின்றார்கள். அப்பா கேட்காததைக் கேட்டேன் என்று சொல்கிறார். தினமும் சொல்கிறார். அதுவும் என் கையாலேயே.

மூன்றாம் நாள் அவர் சொன்னதை எல்லாம் ஒழுங்காக அடித்துவிட்டு, அதன் கீழே நானாக எழுதினேன்: ‘எல்லாருக்கும் வணக்கம். இது பொய். அப்பா எதையும் கேட்கவில்லை. இயர்போன் போனில் இல்லை, சட்டைப் பையில் இருக்கிறது. மூன்று நாளாகப் பார்க்கிறேன். இப்படிக்கு, மகள்.’

அனுப்பிவிட்டுப் போனை நீட்டினேன். அப்பா அதைப் பார்க்காமல் அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, “வாரேன்த்தா” என்று என் தலையைத் தொட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். கம்பெனிக்குள் மிஷின் பக்கம் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். சாயங்காலம்தான் பார்ப்பார். அதை நினைத்து அன்று பள்ளியில் மதியச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபோது வாசலில் கடை மாமாவின் ஸ்கூட்டர் நின்றது. கடையைப் பாதி நாளில் விட்டுவிட்டு அவர் எங்கேயும் வந்து நான் பார்த்ததில்லை. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று கதவோரம் நின்றேன். அவர் என்னைப் பார்த்து, “வாத்தா, சாப்பிட்டியா?” என்றதோடு சரி. அம்மாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. “சும்மாதான் வந்தேன் தங்கச்சி. மாப்ளயப் பாத்து நாளாச்சு.”

ஆறு மணிக்கு அப்பா வந்தார். வாசல்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். கடை மாமா உட்கார்ந்த இடத்திலிருந்தே சாதாரணக் குரலில், “மாப்ள” என்றார். அப்பா திரும்பவில்லை. கொஞ்சம் உரக்க இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்பா மறு ஷூவின் நாடாவை அவிழ்த்தார். மாமா எழுந்து அவர் பின்னாலேயே போய் நின்றுகொண்டு, “டேய்!” என்றார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அப்பா ஷூவுக்குள் விழுந்திருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மாமா அவர் தோளைத் தொட்டார். அப்பா திடுக்கிட்டுத் திரும்பி, சிரித்து, “எப்பய்யா வந்த?” என்றார். மாமா சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்துக்கு நேரே படியில் உட்கார்ந்துகொண்டார்.

“எம்புட்டு நாளா மாப்ள?”

அப்பா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்குள் எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று இப்போது தெரிகிறது.

“ரெண்டு வருஷமாச்சு. வலது சுத்தமா இல்ல. இடதுல ஏதோ கொஞ்சம்.”

“என்கிட்டச் சொல்றதுக்கு என்னய்யா?”

“சொன்னா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவ. அவன் சீட்டு எழுதுவான். கம்பெனிக்குத் தெரிஞ்சா மிஷின்ல நிக்க விடுவானா?”

“அப்ப தெனமும் எழுதுறது?”

அப்பா சட்டைப் பையிலிருந்து ஒயரை வெளியே இழுத்து உள்ளங்கையில் சுற்றினார். “மாட்டித்தான் பாத்தேன் மாப்ள. நாகஸ்வரம் தகரத்துல ஆணிய இழுக்குற மாதிரி கேக்குது. எம்புட்டு பெரிய வித்வான், அவர அப்படிக் கேக்கலாமா? அதான் பிடுங்கிட்டேன். உள்ள ஓடுறது நல்லாத்தான் ஓடுது. ஒரு பிசிறு இல்ல.”

மாமா தன் போனை எடுத்து நான் எழுதியதை அப்பாவுக்குக் காட்டினார். “உன் மக தப்பா ஒண்ணும் எழுதல. அப்பா கேட்கவில்லைன்னு போட்டிருக்கா. அப்பாவுக்குன்னு போட்டிருக்கணும். அம்புட்டுத்தான் பிழை.”

அப்பா அதைப் படித்தார். என்னைக் கூப்பிட்டார். அடி விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டு போனேன். “கண்டுபிடிச்சிட்டியேத்தா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சளி பிடித்தால் காது அடைத்துக்கொள்ளுமே, அது மாதிரி ஏதோ. சொட்டு மருந்து விட்டால் சரியாகிவிடும் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்பது அதைவிட நிம்மதி.

அடுப்படியில் குழாய் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். “ரெண்டு வருஷமா உங்கள வஞ்சுக்கிட்டே இருந்திருக்கேனே” என்றாள். தன் வாழ்நாளிலேயே மிக மெல்லிய குரலில் அதைச் சொன்னாள். அப்பா, “என்ன?” என்றார். அவள் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். மூன்று பேருக்கு இடமில்லாத படி அது.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் எனக்குத் தெரிந்தவை இவை. மாமாவே கடையைப் பூட்டிவிட்டு அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இடது காதுக்கு ஒரு மிஷின் வந்தது. பேச்சு ஓரளவு கேட்டது. சங்கீதம் அதிலும் தகரமாகத்தான் இருந்தது. கம்பெனியில் பயந்த மாதிரி துரத்தவில்லை, ஸ்டோருக்கு மாற்றினார்கள். அப்பா அதைப் பெரிய இறக்கமாக நினைத்து ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. அம்மா கத்துவதை நிறுத்திவிட்டாள். சொல்ல வேண்டியதை எதிரே வந்து, முகத்தைப் பார்த்துச் சொன்னாள். வீட்டில் திடீரென்று சத்தமில்லாததால், ஏதோ பெரிய சண்டை என்று பக்கத்து வீட்டு அக்கா விசாரித்துவிட்டுப் போனாள்.

அந்த ஒரு மாதமும் அப்பா குரூப்பில் எழுதவில்லை. ஆனால் கடை மாமா எழுதத் தொடங்கியிருந்தார். மூன்று சொல்காரர் ஒரு பக்கம் எழுதினார். ‘இன்று கேட்பது காம்போதி. முதலில் தவில்காரர் தட்டிப் பார்க்கிறார், வலது பக்கம் கொஞ்சம் இறங்கி இருக்கிறது. வித்வான் மேலே போய் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் பன்னிரண்டு எண்ணினேன். பின்னால் ஒரு கைக்குழந்தை அழுகிறது, அதுவும் கிட்டத்தட்ட அந்த ஸ்வரம்தான்.’ பிழை பிழையாக இருக்கும். கணக்கு டீச்சர் எத்தனையாவது நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று எண் போட்டு எழுதினார். டிக்கெட் மாமா வயலின்காரர் எங்கே மூச்சு விடுகிறார் என்பது வரை எழுதினார். முன்பு போல யாரும் பதிவை அனுப்புவதில்லை. நெட் தீர்ந்துவிடும் என்று பயப்படுகிறார்கள் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

முழுப் பரீட்சை லீவில் ஒருநாள். இளம்பெண் ஒருத்தி வாசித்து, அந்த மாதம்தான் வெளிவந்த ஒரு பதிவைப் பற்றிக் கடை மாமா எழுதியிருந்தார். ஐந்து தடவை விரலால் தள்ளினால்தான் முடியும். அப்பா அதை மிக மெதுவாகப் படித்தார். முடிந்ததும் மறுபடியும் மேலே போய் முதலிலிருந்து படித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் முன்னால் வந்து நின்று கேட்டேன்.

“ஏம்ப்பா, இம்புட்டையும் யாரு படிக்கிறது? எல்லாரையும் சுருக்கமா எழுதச் சொல்லி அடிக்கவா?”

அப்பா போனிலிருந்து கண்ணை எடுக்க நேரமாயிற்று.

“வேணாம்த்தா. நல்லா விரிவாவே எழுதச் சொல்லு.”

பெரியவர்கள் மரியாதைக்கு இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு, அதை அப்படியே அடித்து அனுப்பினேன்.