பத்தாம் ஆண்டு மடலின் நன்றிப் பக்கம்

முதலாளி எங்களுக்கு நன்றி சொல்லப் போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து கடையில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை.

மட்டக்களப்பு நகரத்தில் வாவியைப் பார்த்த தெருவில் இருந்த புத்தகக் கடை அது. முன்னால் கடை, பின்னால் சின்னதாய் ஒரு அச்சுக்கூடம். மாதம் ஒருமுறை நாலு பக்கத்தில் ஒரு மடல் அச்சடித்து, வாழைச்சேனையிலிருந்து அக்கரைப்பற்று வரை புத்தகம் விற்கிறவர்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் தபாலில் அனுப்புவோம். என்ன புத்தகம் வந்திருக்கிறது, எது தீர்ந்துவிட்டது, எந்த வகுப்புக்கு எந்தப் பாடநூல் என்ற விபரங்கள்தான் அதில் இருக்கும். அதை எழுதுவது என் வேலை.

எழுபதுகளின் தொடக்கம். இறக்குமதிக் கட்டுப்பாட்டால், இந்தியாவிலிருந்து வந்துகொண்டிருந்த நாவல்களும் சஞ்சிகைகளும் ஏறத்தாழ நின்றுபோயிருந்தன. காகிதத்துக்கும் தட்டுப்பாடு. 'புது வரவு' பக்கத்தை நிரப்ப வழியில்லாமல், தலைப்பைப் பெரிய எழுத்தில் போட்டு, மிச்ச இடத்தில் பூ அச்சு வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அப்படியான ஒரு மாதத்தில்தான் முதலாளி என் மேசைக்கு வந்தார். அதிகம் பேசாத மனிதர். நின்றபடியே சொன்னார்.

"வாற மாசத்தோட மடலுக்குப் பத்து வருசம். இந்த முறை புத்தகத்தப் பத்தி எழுத வேணாம். நம்மட ஆக்களப் பத்தி எழுதுங்க. எல்லாருக்கும் நன்றி சொல்லணும்."

எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோசம், அச்சுக்கூடத்துக்குப் போய் ஈய எழுத்து அடுக்கும் அக்காவிடம் சொல்லும் வரைதான் நின்றது. அவர் தன்னாமுனையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். மடலின் முதல் இதழிலிருந்து அடுக்குகிறார். புருசன் இல்லை, இரண்டு பிள்ளைகளை அந்தச் சம்பளத்தில்தான் வளர்த்தார்.

"இத்தின வருசமா இல்லாத நன்றி இப்ப என்னத்துக்குப் புள்ள?" என்றார்.

பதிலையும் அவரே சொன்னார்.

"கடையப் பூட்டப் போறாரு. அதான் நல்ல வார்த்த சொல்லி அனுப்பப் பாக்காரு."

மத்தியானத்துக்குள் அது பார்சல் கட்டும் அண்ணனின் காதுக்கும் போய்விட்டது. அவர் பழுகாமத்துக்காரர். தோணியில் வாவியைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து வேலைக்கு வருவார். அவரிடமும் ஒரு செய்தி இருந்தது. முந்தின கிழமை நானும் அக்காவும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் யாரோ ஒருவர் வந்து, முதலாளியோடு சுற்றிப் பார்த்து, கடையின் முன்பக்கத்தை நாடா பிடித்து அளந்தாராம்.

"என்னக் கண்டதும் ரெண்டு பேரும் கதைய நிப்பாட்டிட்டாங்க," என்றார்.

அதற்குப் பிறகு முதலாளி தொலைபேசியில் குரலைத் தாழ்த்தினாலே அச்சுக்கூடத்தில் சத்தம் நின்றுவிடும். வாசலில் நிழல் விழுந்தால் மூவரும் நிமிர்ந்து பார்ப்போம். எங்கள் வீட்டில் அப்பா ஓய்வுபெற்றிருந்தார், தம்பிமார் படித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வாசல் படலை வரை போவேன். ஏன் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருவேன். "என்னகா, உனக்கு இரிப்புக் கொள்ளல்லயா?" என்று அம்மா கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்த கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால், பாட்டை விட்டுவிட்டு அட்டையின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதவும் முடியவில்லை. 'அயராத உழைப்பாளி' என்று எழுதினால் செத்த வீட்டில் வாசிப்பது போல இருந்தது. 'என்றும் மறவோம்' என்று எழுதி, அடித்தேன். மறுபடியும் அதையே எழுதினேன்.

ஒரு மத்தியானம், ஒருவருக்கும் சொல்லாமல் கூட்டுறவுச் சங்கக் கந்தோருக்கு வேலை கேட்கப் போனேன். நான் படியேறும்போது மேலேயிருந்து பார்சல் அண்ணன் இறங்கி வந்தார். வெளுத்த சட்டை போட்டு, தலையை எண்ணெய் வைத்து வாரியிருந்தார்.

"சீனி வந்திரிக்கா எண்டு பாக்க வந்தன்," என்றார்.

"நானும் அதுக்குத்தான் அண்ணன்."

"இல்லையாம்."

அந்தக் கந்தோரில் சீனி விற்பதில்லை, அது அடுத்த தெருவில். இருவருக்கும் அது தெரியும். நான் மேலே ஏறவில்லை. இருவரும் ஒன்றாகவே திரும்பி நடந்தோம். பாதி வழியில் அவர் சொன்னார்: "ஒங்களுக்குப் படிப்பு இரிக்கு தங்கச்சி, எங்கயும் கிடைக்கும். எனக்கெண்டா திரும்பவும் வட்டைக்குப் போய் ஆருடையும் வயலுல கூலிக்கு நிக்கணும். முதுகு இனி அதுக்கு வளையாது."

ஒருவழியாக எழுதி முடித்து அக்காவிடம் கொடுத்தேன். மற்ற மூன்று பக்கங்களும் அடுக்கித் தயாராக இருந்தன. அவர் நின்றபடி வாசித்தார். தாளை மடித்து என்னிடமே நீட்டினார்.

"நான் அடுக்கமாட்டன்."

"ஏன் அக்கா?"

"எனக்கு நன்றி எண்டு நானே அடுக்கோணும். பரவாயில்ல, அடுக்கலாம். ஆனா ஏன் எண்டு தெரியாம அடுக்கமாட்டன். முதலாளி வந்து சொல்லட்டும்."

நான் கெஞ்சிப் பார்த்தேன். அவர் அச்சடித்து முடிந்த பழைய எழுத்துகளைப் பெட்டியில் பிரித்துப் போடத் தொடங்கிவிட்டார்.

அச்சேற வேண்டிய நாள் காலையில், மிசின் சத்தம் கேட்காததால் முதலாளியே பின்னால் வந்தார்.

"ஏன் இன்னும் ஏறல்ல?"

அக்கா மை படிந்த கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றார். "ஐயா, கடையப் பூட்டப் போறீங்களா?"

முதலாளி கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டார். "ஆரு சொன்ன?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. அதுதான் கேக்கன்."

பார்சல் அண்ணனும் வேலையை விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். முதலாளி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அச்சுக்கூடத்தில் அவர் உட்கார்ந்து நான் அதற்குமுன் கண்டதில்லை.

"பூட்டல்ல," என்றார். "முன் பாதிய ஒரு புடவைக் கடைக்காரனுக்கு வாடகைக்குக் குடுக்கப் போறன். புத்தகமெல்லாம் பின்னுக்கு வரும். வாசலப் பின்னால போற சின்ன ஒழுங்கைப் பக்கமா வைக்கணும். விக்கப் புத்தகம் இல்லாம இவ்வளவு பெரிய கடைய வச்சிரிக்க ஏலாது."

"எங்கள?" என்றார் அக்கா.

"ஒருத்தரையும் நிப்பாட்டல்ல." கொஞ்சம் பொறுத்து, "இப்போதைக்கு," என்றார்.

"அப்ப இந்த நன்றி?"

"அது கன நாளா மனசுல கிடந்த. கடை முழுசா இரிக்கக்குள்ளயே சொல்லணும் எண்டு நினைச்சன். புடவைக்காரன் வந்த பிறகு சொன்னா, ஆறுதல் சொன்ன மாதிரிப் போயிரும்."

அக்கா நிலத்தைப் பார்த்து யோசித்தார். "அப்ப அதையும் போடணும் ஐயா. கடை பூட்டல்ல, வாசல்தான் மாறுது எண்டு போடணும். உள்ளுக்குள்ள இரிக்கிற நாங்களே இப்படி நினைச்சா, கல்முனையில இரிக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "எழுதுங்க."

அங்கேயே நின்று புதிதாக எழுதினேன். முதலில் வாசல் மாறும் செய்தி. அதன் கீழே நன்றி. இந்த மடலின் எழுத்துகளைத் தொடக்கத்திலிருந்து இவர் அடுக்குகிறார், அடுத்த மாதமும் அடுக்குவார். உங்களுக்கு வரும் பார்சலை இவர் கட்டுகிறார், அடுத்த மாதமும் கட்டுவார். அவ்வளவுதான். 'அடுத்த மாதமும்' என்ற இடத்தில் முதலாளி பேனாவைத் திறந்தார். சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அக்கா அடுக்கினார். மாதிரித் தாளில் பார்த்தபோது, அவருடைய பெயரில் ஓர் எழுத்து தலைகீழாக நின்றது. அவர் அப்படி வைத்து நான் கண்டதில்லை. இடுக்கியால் எடுத்துத் திருப்பி வைத்தார்.

மடல் தபாலுக்குப் போன பின்னேரம் முதலாளி கேக் வாங்கிவந்தார். தேத்தண்ணி ஊற்றிக் குடித்தோம். யாரும் உரை நிகழ்த்தவில்லை. பார்சல் அண்ணன் மடலில் ஒன்றை மடித்து, வீட்டுக்குக் கொண்டுபோக எடுத்துவைத்தார்.

அடுத்த மாதம் கடையின் குறுக்கே பலகைத் தடுப்பு அடித்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் புடவைக் கடையின் ரேடியோ நாள் முழுக்கப் பாடியது. ஏறாவூரிலிருந்து ஒரு கடைக்காரர் எங்கள் மடலைக் கையில் பிடித்துக்கொண்டே ஒழுங்கையைத் தேடி வந்தார். அவர்தான் முதல் ஆள். பழைய பாடநூல்களை வாங்கி விற்கத் தொடங்கினோம். மடலில் 'புது வரவு' போய் 'பழையது கிடைக்கும்' வந்தது. அந்தப் பக்கம் நன்றாக நிரம்பியது.

ஆனாலும் 'இப்போதைக்கு' என்ற சொல் என்னை விடவில்லை. சம்பள நாள் வந்தால் முதலாளியின் முகத்தைப் பார்ப்பேன். வேறு வேலைக்கு மனுப் போடுவதையும் நிறுத்தவில்லை. அடுத்த வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். பார்சல் அண்ணன் எனக்கு முன்னரே போயிருந்தார், பலகைக்கு அந்தப் பக்கம்தான். புடவைக் கடைக்காரர் கூடுதலாகச் சம்பளம் தருவதாகக் கூப்பிட்டிருந்தார். அக்கா போகவில்லை. அவரும் முதலாளியும் அந்த ஒழுங்கைக் கடையில் பின்னும் பல வருடங்கள் மடல் போட்டார்கள்.