ஓசையில்லாத நிய்யத்

அன்புச் சகோதரிகளே, நான் கேட்ட துஆவை அல்லாஹ் ஏற்றுக்கொண்டான். கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு குறுகுகிறது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

1976, சித்திரை மாதம். குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் மேற்பார்வை பார்த்துவந்த என் கணவரை, மதிய வேளையில் ஜீப்பில் படுக்கவைத்துப் போடிக்குக் கொண்டுவந்தார்கள். பக்கவாதம். வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஒரு சரிவில் நின்று கூப்பிட்டால் எதிர்ச்சரிவில் காய் எடுப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கும் குரல் அது.

உயிர் தங்கியது. தொழுகை நின்றுபோயிற்று. சிறுவயதில் மதரஸாவில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்: ‘லுஹருடைய ஃபர்ளு நான்கு ரக்அத்தைத் தொழுகிறேன்’ என்று தொழும் எண்ணத்தை, அதாவது நிய்யத்தை, வாயால் சொன்ன பிறகே கை உயர்த்தித் தொழுகையைத் தொடங்க வேண்டும். சொல்ல இயலாத தனக்கு இனித் தொழுகையே இல்லை என்று அவர் முடிவுசெய்துவிட்டார். பாங்கு கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

நிய்யத்தின் இடம் உள்ளம் என்று நூல்களில் படித்தவள் நான். அதை அவரிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் செய்தது வேறு. ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் அவர் கட்டிலருகே நின்று, நிய்யத்தை உரக்க, சொல் சொல்லாகப் பிரித்து, பிள்ளைக்குப் பாடம் கற்பிப்பதுபோலச் சொன்னேன். “கொஞ்சம் முயற்சி பண்ணுங்க, நாக்கு பொரண்டுரும்” என்பேன். அவர் கண்களை மூடிக்கொள்வார். ஒருநாள் பொறுமையிழந்து, என் நாத்தனார் ஜைனம்புவிடம் அவர் காதுபடவே சொன்னேன்:

“ஒங்கண்ணனுக்கு மனசு கல்லாப் போச்சு.”

சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியவில்லை. நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் அழுதேன். யா அல்லாஹ், அவருக்குக் குரலைக் கொடு. தொழாத நிலையிலேயே அவரை அழைத்துக்கொள்ளாதே.

ஆடி பிறந்தது. மலைக்காற்று தெருப்புழுதியை வாரி இறைத்தது. எனக்குக் காய்ச்சல் கண்டு, தொண்டை கட்டி, குரல் அடியோடு அடைத்துப்போனது. நான் கேட்டது அவருக்குக் குரல். போனதோ என் குரல்.

ஜைனம்பு சுக்குக் கஷாயத்தோடு வந்தாள். நான் வாயசைத்துச் சைகை காட்டுவதைப் பார்த்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“நல்ல சோடிதேன் போங்க! அவுகளுக்கு நாக்கு இல்ல, ஒங்களுக்குத் தொண்டை இல்ல. இனி இந்த வீட்ல சண்டை வந்தா ரெண்டு பேருக்கும் சேத்து நாந்தேன் கத்தணும். ஏண்ணே, மொதல்ல ஒங்க பக்கம் பேசவா, மதினி பக்கம் பேசவா?”

அவர் சிரித்தார். கோணிய வாயோடு, தோள் குலுங்க. சித்திரைக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

மாலையில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பாயை விரித்து நின்றேன். வழக்கமான என் சத்தம் எழாததால் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த அவர் இப்பக்கம் திரும்பி என்னையே பார்த்திருந்தார். நிய்யத்தை உள்ளத்தில் இருத்திக் கைகளை உயர்த்தினேன். தொழுது முடித்து ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது, அவர் இடக்கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். என் தொண்டையைச் சுட்டினார். பிறகு பாயைச் சுட்டினார். சத்தமில்லாமல் உன் தொழுகை நிறைவேறியதா என்று கேட்கிறார். ஆம் என்று தலையசைத்தேன். பிறகு தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

அதற்கும் தலையசைத்தேன். கண்ணீரில் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

“இருண்ணே, வெரசாத் தண்ணி கொண்டாறேன்” என்று ஓடினாள் ஜைனம்பு.

முகம் கைகால் கழுவி உளூச் செய்வித்தோம். தலையணையில் சாய்ந்தபடி இடக்கையைக் காதுவரை உயர்த்தினார். ஓசை எதுவும் இல்லை. தொழுது முடிக்கும்வரை அவர் கன்னம் நனைந்துகொண்டே இருந்தது.

என் குரல் சில நாட்களில் திரும்பியது. அவர் குரல் திரும்பவே இல்லை. ஏழாண்டுகள் பேசாமலே தொழுது, தொழுகையாளியாகவே இறைவனிடம் சென்றார். அல்ஹம்துலில்லாஹ். நான் குரலைக் கேட்டேன். என் ரப்பு அவருக்குத் தொழுகையைக் கொடுத்தான்.

ஆனாலும் அந்த மூன்று மாதங்கள் என்னை விடுவதில்லை. உள்ளத்தில் நிய்யத் இருந்ததால்தானே, அதைச் சொல்ல முடியவில்லையே என்று அவர் நொந்தார்? கல்லுக்கு வலிக்குமா? அருகிலிருந்தும் எனக்கு அது விளங்கவில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் ஒருவர் தொழாமல் படுத்திருந்தால் அவர் உள்ளத்தை நீங்கள் அளந்துவிடாதீர்கள். அருகில் பாயை விரித்து நீங்கள் தொழுங்கள். தயங்காமல் துஆக் கேளுங்கள். எப்படிக் கொடுப்பது என்பதைக் கொடுப்பவனிடமே விட்டுவிடுங்கள். நான் இப்போது நிய்யத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரு கணம் மௌனமாக நின்று, அவருக்கு நான் கொடுத்த வேதனைக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டே தக்பீர் கட்டித் தொழத் தொடங்குகிறேன்.