புதினாவில் வந்த கற்பூரம்

எங்கள் பூஜை அலமாரியில், விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் அளவு கண்ணாடிப் புட்டி ஒன்று இருக்கிறது. அடியில் வெளிர்மஞ்சளாகக் கொஞ்சம் எண்ணெய். மூடியைத் திறந்தால் முதலில் புதினா வாசம் வரும். சற்றுப் பொறுத்தால் அதற்குப் பின்னாலிருந்து கற்பூரம் வரும். என் மனைவியின் தங்கை கொடுத்தது.

அவள் சிதம்பரத்தில் வேதியியல் மேல்படிப்பு படித்தபோது சனி, ஞாயிறு கடலூரில் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். கொல்லைப்புறத்து வாய்க்கால் ஓரம் காட்டுப் புதினா மண்டிக் கிடக்கும். ஆடுகூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அந்தச் செடியையே ப்ராஜெக்டுக்கு எடுத்துக்கொண்டாள். பத்தாவதோடு நின்று லோடு வண்டி ஓட்டப் போன எனக்கு அவள் சொல்வதெல்லாம் அதிசயம். இலையைத் தண்ணீரோடு கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெய் தனியாக மிதக்குமாம். அதற்குள் மென்தால், மென்தோன், லிமோனின் என்று ஒரு கூட்டமே குடியிருக்கிறதாம். எது எது என்று மெஷின் பிரித்துக் காட்டிவிடுமாம். ஒரு தடவை இலையைக் கசக்கி என் புறங்கையில் தேய்த்தாள். சில்லென்று இருக்கிறதே என்றேன்.

"அது குளிரல மாமா. குளிருதுன்னு ஒங்க நரம்பு நம்பிக்குது, அவ்ளோதான்."

அன்று முழுக்க வண்டி ஓட்டிக்கொண்டே புறங்கையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லாத குளிரை ஒரு இலைக்குள் யார் வைத்தார்கள்?

பிறகு ஒரு நாள் போன் செய்தாள். எண்ணெயில் கற்பூரம் இருக்கிறதாம், அதுவும் ஜாஸ்தியாக. இந்தச் செடியில் அப்படி இருப்பதை இதுவரை பார்த்ததில்லை என்று அவளுடைய சாரே சொன்னாராம். திரும்பவும் இதுபோல வந்தால் ஆராய்ச்சிப் படிப்புக்குத் தன்னிடமே சேர்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார். என் மாமனார் அப்போது, படித்தது போதும் என்று வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார். அவரை நிறுத்த அவளுக்கு அந்தக் கற்பூரம் ஒன்றுதான் இருந்தது. நான் பாடலீஸ்வரருக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் இலை பறித்து, வழக்கம்போலத் துணிப்பையைப் பூஜை அலமாரியில் வைக்கப் போனாள். எங்கள் வீட்டில் அப்படித்தான். ஹால் டிக்கெட்டோ புதுப் பேனாவோ, எதுவானாலும் ஒரு ராத்திரி சாமியிடம் இருந்துவிட்டுத்தான் வெளியே போகும். வைத்தவள் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். பைக்குப் பக்கத்தில் மூடி உடைந்த கற்பூர டப்பா.

என் மனைவி அடுப்படியிலிருந்து, "என்னாடி, சாமிகூட சண்டையா?" என்று கேட்டாள். இவள் பையைத் திரும்ப வெளியே எடுத்தாள். இலையை இரண்டு பங்காகப் பிரித்தாள். ஒன்றை அலமாரியிலேயே விட்டாள். மற்றதை மாடி வராந்தாவில் கட்டித் தொங்கவிட்டாள்.

காலையில் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. "பாப்பா, ரெண்டுலயும் கற்பூரம் வரணும்னு வேண்டிக்கிட்டியா?" என்றேன்.

"இல்ல மாமா. வேண்டிக்கிட்டா சாமி குடுத்துடும். அப்பறம் செடி குடுத்தது எது, சாமி குடுத்தது எதுன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

சிதம்பரம் பஸ் கிளம்பிய பிறகும் வண்டியை எடுக்காமல் நின்றிருந்தேன். நான் வேண்டியிருந்தேன்.

மாடியில் தொங்கிய இலையில் கற்பூரம் இல்லை. அவளே சாரிடம் போய், அது செடியுடையது இல்லை, எங்கள் வீட்டுச் சாமி அலமாரியுடையது என்று சொல்லிவிட்டாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம். ஆராய்ச்சி இடம் கிடைக்கவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது. இப்போது திட்டக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் டீச்சர்.

கல்யாணத்துக்கு முன்பு அலமாரி இலையின் எண்ணெயை இந்தப் புட்டியில் கொண்டுவந்து தந்தாள். "இதுல நம்ம வீடும் கலந்திருக்கு மாமா, வச்சிக்குங்க" என்றாள். சொல்லும்போது சிரித்தாள்தான். ஆனால் புட்டியைக் கொடுத்ததும் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

போன மாதம் வந்திருந்தபோது, தன் மகனின் பரீட்சைப் பையைப் பூஜை அலமாரியில் வைத்துக் கும்பிட்டாள். அதற்கு முன்னால் கற்பூர டப்பாவை எடுத்து அடுப்படியில் வைத்தாள். அது புது டப்பா, மூடி நன்றாகவே இருந்தது. புட்டியை மட்டும் தொடவில்லை.