கடிகாரம் சரியாக இருப்பதாகக் கொள்வோம்

என்னிடம் பன்னிரண்டு பக்க அறிக்கை ஒன்று இருக்கிறது. முதல் பக்கத்தில், ஒரு வரியின் மேல், காய்ந்த மண்ணில் பதிந்த ஒரு விரல் அடையாளம். எத்தனையோ முறை வீடு மாறியும் அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ‘கணினிகளின் கடிகாரம் சரியாக இருப்பதாகக் கொள்வோம்’ என்பது அந்த வரி. எழுதியவன் நான். விரல் அக்காவுடையது.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுவில், கொடைக்கானலில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில், நான் அக்கா என்று கூப்பிட்ட ஒருவர் கிளார்க்காக இருந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அந்தக் குடும்பத்தில் மேசை வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். தாண்டிக்குடியில் காப்பி மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியிலிருந்து எத்தனை மூட்டை வெளியே போகலாம் என்ற உத்தரவைத் தட்டச்சு செய்து, தன் ரகசியச் சொல்லால் முத்திரையிட்டு, பிளாப்பியில் ஏற்றுவார். மழைக்குப் போன் லைன் அறுந்துவிடும் என்பதால் அதை ஜீப்பில்தான் கொடுத்தனுப்புவார்கள். கிட்டங்கிக் கணினி முத்திரையையும் தேதியையும் பார்த்துச் சீட்டு அச்சடிக்கும். தேதி பழையதென்றால் தள்ளிவிடும்.

இந்த ஏற்பாட்டை யாராவது ஏமாற்ற முடியுமா என்று பார்க்க என்னை வரவழைத்தார்கள். மொத்தத்தையும் குறியீடுகளாக எழுதி, ஒரு திருடனால் என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையையும் கணினியையே முயன்று பார்க்கவிடுவது என் வேலை. ஒரு வழியும் இல்லையென்றால் பாதுகாப்பு நிரூபணமாகிவிடும். நிரூபணமானது. படிப்பு முடித்த திமிரோடு மேனேஜர் அறையில் அதை விளக்கிக்கொண்டிருந்தபோது, அக்கா வாசலில் நின்றபடியே கேட்டார்.

“தம்பி, கரண்டு போய் வந்தா கிட்டங்கிப் பெட்டி தேதிய மறந்துருது. சுவத்துக் காலண்டரப் பாத்துத்தான் திரும்பப் போடுறாங்க. அதையும் பாத்தீங்க தானே?”

“அது கரண்டுக்காரங்க சோலி, அக்கா” என்றேன். மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த அடைமழையில் இருபது மூட்டை கூடுதலாக வெளியே போயிருந்தது. ஒரே தேதியில் இரண்டு சீட்டு, இரண்டிலும் அக்காவின் முத்திரை. மேனேஜர் எனக்குப் போன் செய்தார். ஒரே உத்தரவு இரண்டாம் முறை செல்லாது என்று எழுதியிருக்கிறீர்களே, உறுதிதானா என்று கேட்டார். “நூத்துக்கு நூறு சார்” என்றேன். அப்படியானால் அந்த அம்மாதான் இரண்டு உத்தரவு போட்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, அன்றே வேலையை விட்டு நீக்கினார்கள்.

இரண்டு மாதம் கழித்து வேறு வேலையாகத் தாண்டிக்குடி போனேன். கிட்டங்கிச் சுவரில் தொங்கிய காலண்டரில் நான்கு நாள் தாள் கிழிக்கப்படாமல் இருந்தது. “மழையில யாரு சார் கிழிக்கிறது? கரண்டு வந்ததும் அதுல உள்ளதப் போட்டு வெரசா சோலியப் பாப்போம்” என்றார் கிட்டங்கிக்காரர். மேசையில் பழைய பிளாப்பியும் புதியதும் கலந்து கிடந்தன. கணினியில் பழைய தேதியைப் போட்டு, அதே தேதியிட்ட பழைய பிளாப்பி ஒன்றைச் செருகினேன். சீட்டு அச்சாகி வந்தது. முன்பே முடிந்த உத்தரவு எது என்று கணினி நினைவில் வைத்துக்கொள்வதில்லை. தேதியை மட்டும் நம்பியிருந்தது. அந்த இருபது மூட்டையும் இப்படித்தான் போயிருக்க வேண்டும்.

அறிக்கையைத் திருத்திக்கொண்டு ஓடினேன். “அன்னிக்கு நூத்துக்கு நூறுன்னீங்க, இன்னிக்கு வேற சொல்றீங்க” என்றார் மேனேஜர். கிட்டங்கிக் கணினியை மாற்றினார்கள். அக்காவைத் திரும்ப எடுக்கவில்லை.

நான் தேடிப் போனபோது அக்கா பள்ளங்கியில் ஒரு தோட்டத்தில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, பழைய அறிக்கையை நீட்டி, தவறு இந்த வரியில்தான் என்று காட்டினேன். விரல் வைத்து மெதுவாக வாசித்தார்.

“கொள்வோம்னு போட்டிருக்கீங்க. நான் வந்து சொன்னேன் தானே தம்பி.”

தாளிலிருந்து விரலை எடுத்தார்.

“பள்ளிக்கூடத்துல எம் பிள்ளைக்கு இப்பவும் களவெடுத்தவ மகன்னுதான் பேரு. அந்தப் பிள்ளைகளுக்கு இந்தத் தாள் விளங்குமா?” தாளை என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

இன்று இதே வேலையை எனக்குக் கீழே பத்துப் பேர் செய்கிறார்கள். யார் அறிக்கை கொண்டுவந்தாலும் முதல் பக்கத்தில் ‘கொள்வோம்’ என்று வரும் வரியிலேயே நின்றுவிடுகிறேன். எனக்கு வயதாகிவிட்டதென்று நினைக்கிறார்கள். அந்தத் தாளில் மண் பாதி உதிர்ந்துவிட்டது. அன்று வாசலில் நின்றவரை உள்ளே வந்து உட்காரச் சொல்லியிருந்தால், அந்த வரியை அப்போதே அடித்து நீக்கியிருப்பேன்.