வாய் மேலே பார்த்த கத்தி

கையால் அடித்த சின்னக் கத்தி ஒன்று வாங்கினேன். சோதிக்கச் சின்ன வெங்காயம் நறுக்கியதும் விரலில் இரும்பு வாசம் ஏறியது. அப்பா செய்த கத்தியிலும் இதே வாசம்தான்.

எண்பதுகளில் அப்பா வேடசந்தூரில் ஒரு நூல்மில்லில் ஃபிட்டர். மூட்டுவலி வந்த அம்மாவால் அரிவாள்மணை முன் உட்கார முடியவில்லை. அப்பா இரும்பறுக்கும் பழைய ஆக்சா பிளேடு ஒன்றைத் தீட்டி, கொய்யாக் கட்டையில் பிடி போட்டுக் கொண்டுவந்தார்.

“இந்தா, இனி நின்னுக்கிட்டே அரியலாம்.”

அம்மா ஒரு கத்திரிக்காயை இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். “கத்திய வச்சுக் காய அறுத்து எனக்குப் பழக்கமில்ல. காயத்தான் கத்திக்கிட்ட தள்ளத் தெரியும். இது கையத்தான் வெட்டும்” என்று சொல்லிவிட்டு, முனகிக்கொண்டே அரிவாள்மணையில் போய் உட்கார்ந்தாள்.

அப்பா மறுநாள் அடுப்பு மேடையோரம் ஒரு கட்டையை அடித்து, கத்தியை வாய் மேலே பார்க்க அதில் இறுக்கினார். அம்மா நின்றபடியே ஒரு கத்திரிக்காயைத் தள்ளினாள். இரண்டாக விழுந்தது.

“இத நேத்தே செய்றதுக்கு என்ன?” என்றாள்.

இப்போது குனிந்து பார்க்கிறேன். புதுக் கத்தியின் முதுகு வெட்டுப்பலகையில் இருக்கிறது. என் இடது கை அதை அசையாமல் பிடித்திருக்க, வலது கை வெங்காயத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.