ஏட்டம்மாவின் நாற்காலி

கல்யாண வீடோ துக்க வீடோ, பொன்மணி உட்காருவது வாசலோரம்தான். நாற்காலியைத் தானே தூக்கி வந்து, முதுகு சுவரைப் பார்த்திருக்கும்படி போட்டுக்கொள்வார். "உள்ள வாரவனப் பாக்க ஊரே இருக்கு. வெளிய போறவனத்தான் பாக்கணும்" என்பார். ராஜபாளையத்தில் தலைமைக் காவலராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊருக்கு இன்னும் ஏட்டம்மாதான். சுங்குடிச் சேலைக்கு அடியில் இன்னும் பிரவுன் ஷூதான். செருப்புப் போட்டால் கால் தூங்கிவிடுகிறதாம்.

சஞ்சீவிமலை கூட்டுறவு வங்கியின் பேரவைக் கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில் நடக்கும். உறுப்பினர்கள் வாசலிலேயே கையெழுத்துப் போட்டு, பால்கோவாப் பெட்டியையும் எவர்சில்வர் தூக்கையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். உள்ளே காலி நாற்காலிகளுக்கு முன்னால் தீர்மானங்கள் நிறைவேறும். போன வருஷம் மேலாளருக்கும் பெரிய அதிகாரிகளுக்கும் ஊக்கத்தொகை அப்படித்தான் போயிற்று. எதிர்த்துத் தூக்கிய கை பொன்மணியுடையது மட்டும்.

அடகு நகைகளை அறிவிப்பில்லாமல் ஏலம் விட்டதை ஆய்வுக்கு வந்த கூட்டுறவுத் துறை அதிகாரிகள் கண்டித்து, சரிசெய்யச் சொல்லிப் போயிருந்தார்கள். எதுவும் நடக்கவில்லை. மகள் கல்யாணத்துக்கென்று சுந்தரபாண்டியத்துச் சுடலையம்மாள் சேர்த்து, அவசரத்துக்கு அடகு வைத்திருந்த இரட்டைவடச் சங்கிலி அந்த ஏலத்தில்தான் போனது. ஊக்கத்தொகை மட்டும் இந்த வருஷமும் தீர்மானத்துக்கு வந்தது.

பொன்மணி மற்றவர்களுக்கு முன்பே வந்து, பெட்டிகள் அடுக்கிய மேசையின் ஒரு முனையைப் பிடித்தார்.

"ஏலே பாண்டிதுரை, அந்தப் பக்கம் தூக்கு."

வங்கி உதவியாளர் பாண்டிதுரை தூக்கிவிட்டார். ஏன் என்று கேட்க வேண்டுமென்பது, மேசை சமையற்கட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தோன்றியது. அதற்குள் ஏட்டம்மாவின் நாற்காலி வாசலில் இருந்தது.

"பெட்டி எங்க ஏட்டம்மா?" வந்த உறுப்பினர்கள் வாசலிலேயே கேட்டார்கள்.

"கூட்டம் முடிஞ்ச பொறவு. உள்ள ஃபேன் ஓடுது, போய் உக்காருங்க."

"பஸ்ஸு போயிருமே."

"நான் நிப்பாட்டுதேன். நான் நிப்பாட்டாத பஸ்ஸா?"

மண்டபம் நிறைந்தது. மேலாளர் ராம்குமார் ஊக்கத்தொகைத் தீர்மானத்தை வாசித்து நிமிர்ந்தபோது, வாசலிலிருந்து குரல் வந்தது.

"சார், ஏலத்துல போன நகைக்கு ஒரு வழி பண்ணுங்க. ஆய்வுல சொன்ன குறை அம்புட்டையும் சரி பண்ணுங்க. பொறவு போனஸ் வாங்குங்க, நாங்களே மாலை போடுதோம். அதுவரைக்கும் நிக்கட்டும்."

"இது இல்லைன்னா நல்ல ஆபீசருங்க வேற பேங்குக்குப் போயிருவாங்கம்மா."

"போகட்டும். சுடலையம்மா சங்கிலியும்தான் போயிருக்கு. போற வழியில தேடிக்கிட்டே போகட்டும்."

பின்வரிசையில் கிளம்பிய சிரிப்பு மேடை வரைக்கும் போனது. ஏட்டம்மா சொன்னதை ஏற்பவர்களைக் கை தூக்கச் சொன்னார் வங்கித் தலைவர். முதலில் சுடலையம்மாள். பிறகு வரிசை வரிசையாக. எண்ண ஆரம்பித்தவர் பாதியில் விட்டுவிட்டு, தூக்காத கைகளை எண்ணினார். அது சுலபமாக இருந்தது. குறைகள் தீரும்வரை ஊக்கத்தொகை கிடையாது என்று அவரே ஒலிபெருக்கியில் படித்தார்.

பெட்டியும் தூக்குமாகக் கூட்டம் சாலையைக் கடக்கத் தொடங்கியது. மேலாளரின் கார் ஹாரன் அடித்துக்கொண்டே மண்டபத்தைவிட்டு வந்தது. பிரவுன் ஷூ நடுச்சாலையில் போய் நின்றது. பொன்மணி ஒரு உள்ளங்கையைக் காருக்கு நேராக நிமிர்த்தி, மறு கையால் சுடலையம்மாளை அழைத்தார்.

"மெள்ள வாங்க மதினி. சார் நிப்பாக."