இசபெல் மொழிபெயர்த்த பாட்டு

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, பேக்கரிக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த ரெக்கோடிங் பாரில் இசபெல் வேலை பார்த்தாள். வெற்றுக் கசட்டைக் கொடுத்து, வேண்டிய பாட்டுகளைச் சொல்லிவிட்டுப் போனால் மறுநாள் பதிந்து வைத்திருப்பாள். அதற்கு முன் இதே வேலையை நுவரெலியாவில் பார்த்தாள். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் அந்தக் கடையைக் கொளுத்தியபோது பின்கதவால் ஓடி, லீக்ஸ் தோட்டத்து வாய்க்காலில் மழையில் படுத்துக் கிடந்து தப்பினாள். கசட்டுகள் உருகிய நாற்றம் அங்கேயும் வந்தது. அதன் பிறகு எங்காவது பிளாஸ்டிக் தீய்ந்தால் போதும், அவள் எழுந்து நின்றுவிடுவாள். எங்கே போவது என்று தெரியாமலே செருப்பைத் தேடுவாள்.

அவள் பிறந்தது நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அப்பா இல்லை. அம்மா மார்கிரட் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டு அதே லயத்து வரிசை வீட்டில் இருந்தாள். அக்கா குடும்பம் எழுபத்து மூன்றில் இந்தியா போய்விட்டது.

கஸ்பர் சவரிமுத்துவின் பாட்டு இசபெல்லுக்கு உயிர். அக்கரப்பத்தனையில் ஒரு தோட்டத்து லொறி டிரைவரின் மகன் அவர். எழுபதுகளில் கொழும்பில் எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்சும் வைத்துத் தமிழில் ரொக் பாட்டு எழுதிப் பாடினார். மாவும் அரிசியும் கிடைக்காமல் தோட்டங்களில் சனங்கள் சுருண்டு விழுந்த வருசத்தில், ரொட்டிக்குக் காத்து நிற்கிறவர்களைப் பற்றி அவர் எழுதிய ‘பாண் வரிசை’யை ரேடியோவில் ஒருநாளும் போடவில்லை. ஆனால் லயம் லயமாக அந்தப் பாட்டு நடந்து போனது.

பாணுக்கு நின்ன வரிசையில
எங்கப்பன் இடம் காலியாச்சு

பிறகு வந்த கசட்டுகளில் டிரம்ஸ் இல்லை. குரல் தணிந்துவிட்டது. ஒற்றைக் கிட்டாரோடு கரை, காற்று, வீடு என்று பாடினார். அதில்தான் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கடைப் பலகையைப் பாதி சாத்தியதும் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் மாயாண்டி, இசபெல்லின் ஊருக்கு அடுத்த தோட்டத்தில் தேயிலை ஃபெக்டரி வேலையாள். மற்றவள் டோரீன், டவுன் பள்ளிக்கூடத்து டீச்சர். எண்பத்து ஐந்தில் கஸ்பரின் புதுக் கசட் வந்த வாரம் இருவரும் அதை முழுக்கக் கேட்டார்கள்.

“பாண் வரிசை எழுதின ஆளா இது?” என்றார் மாயாண்டி. “அக்கரைங்கிறாரு, கதவுங்கிறாரு. கொழும்புல வயிறு நிறைஞ்சா இப்படித்தாங்க பாட்டு வரும்.”

“கத்தினாத்தான் அரசியலா, அண்ணே?” என்றாள் டோரீன். “அப்ப அவருக்கு இருபத்தஞ்சு வயசு. இன்னமும் அதே தொண்டையில கத்தணுமா?”

“கத்துறதுக்கு இப்பத்தானே டீச்சர் காரணம் கூடியிருக்கு. ஆமிக்காரங்க பொடியங்கள லயத்துல இருந்து இழுத்துட்டுப் போறாங்க. இவரு காதலி ஞாபகத்துல படுத்திருக்காரு.”

“காதல்னு எப்படிச் சொல்றீங்க?”

“வேற என்னா அது?”

டோரீன், பாட்டு அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

“மெதுவாப் பேசுங்க,” என்றாள் இசபெல். “ரோட்டுக்குக் கேக்குது.”

அவளுக்கு இரண்டு கஸ்பரும் பிடிக்கும். அதைச் சொல்லவும் பயம். பலகை இடுக்கு வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பழைய பாட்டுகளை ஒரே கசட்டில் பதிந்து தரச் சொல்லி மாயாண்டி மாதக் கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் தட்டிக் கழித்தாள். கடைசியில் மனசு கேட்காமல் பதிந்தாள். ஆனால் எல்லாக் கசட்டிலும் அழகாகப் பெயர் எழுதுகிறவள் இதில் ஒரு எழுத்தும் எழுதவில்லை. பெயர் இல்லாவிட்டால் யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் அம்மாவைப் பார்க்கப் புறப்பட்டாள். அதே பஸ்ஸில் மாயாண்டியும் ஏறினார். கசட்டை இறங்கும்போது கொடுப்பதாகச் சொல்லி, கூடைப் பையிலேயே வைத்துக்கொண்டாள். பக்கத்தில், அம்மா கேட்பதற்கென்று கஸ்பரின் புதுக் கசட்டும் இருந்தது.

நீர்மின் நிலையத்துக்குப் போகும் பாதை பிரிகிற இடத்தில் பஸ்ஸை ஆமிக்காரர்கள் மறித்தார்கள். கொஞ்ச நாளாக அங்கே காவல் பலமாக இருந்தது. எல்லோரையும் இறக்கி வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு சிப்பாய் இசபெல்லின் பையைக் கவிழ்த்தான். பாண், மருந்துப் போத்தல், அம்மாவின் காலுக்கு வாங்கிய கம்பளி மேசு. பிறகு இரண்டு கசட்.

பெயர் எழுதாததை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இதில் ஏன் ஒன்றும் எழுதவில்லை?” என்று சிங்களத்தில் கேட்டான்.

இசபெல் கீழே விழுந்த பாணை எடுக்கக் குனிந்தாள். பின்னால் நின்ற மாயாண்டி ஒரு அடி முன்னால் வந்து, தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், “அது எனக்கு உள்ளது, மாத்தயா,” என்றார்.

இருவரையும் நிறுத்திக்கொண்டு பஸ்ஸை அனுப்பிவிட்டார்கள்.

தகரக் கொட்டிலுக்குள் ஒரு இளம் அதிகாரி மேசைக்குப் பின்னால் இருந்தான். மேசையில் ஒரு கசட் பிளேயர் இருந்தது. அவன் கோபப்படவில்லை, தங்கையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டான். “நங்கி, உனக்குச் சிங்களம் தெரியும்தானே? பாடப் பாடச் சொல்லு,” என்றான். அந்த நிதானம் அவளுக்கு இன்னும் பயமாயிருந்தது.

முதலில் பெயரில்லாத கசட். டிரம்ஸ் அதிர்ந்தது. பாண் வரிசை தொடங்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வெளியே யாருக்காவது தமிழ் தெரிந்திருந்தால்? உள்ளபடியே சொன்னாள். பாண் வாங்க நிற்கிறார்கள். அப்பா வரிசையில் விழுந்து செத்துப்போகிறார். மகன் அந்த இடத்துக்கு நகர்கிறான்.

அதிகாரி சிரித்தான். “என் அம்மாவும் விடியமுன் போய் வரிசையில் நின்றவள்தான். அது பழைய கவர்ன்மெண்ட். இதற்கா பயந்து பெயர் எழுதாமல் விட்டாய்?” கதவருகே நின்ற சிப்பாய்கூடத் தாளத்துக்குத் தலையாட்டினான்.

அதிகாரி அடுத்த கசட்டைப் போட்டான். ஒற்றைக் கிட்டார்.

அக்கரை போன மகராசா,
கதவுக்கின்னும் தாழ்ப்பா போடலே

அவள் சொல்லி முடித்ததும் அவன் பிளேயரை நிறுத்தினான். முகத்தில் சிரிப்பு இல்லை.

“யார் அக்கரைக்குப் போனது?”

“பாட்டில் அப்படி வருகிறது, மாத்தயா.”

“வடக்கிலிருந்து பொடியன்கள் தோணியேறி ஆயுதப் பயிற்சிக்கு இந்தியாவுக்குப் போகிறார்கள். அவர்கள் திரும்பி வர யார் கதவைத் திறந்து வைத்திருப்பது? உன் தோட்டமா?”

பின்னோக்கி ஓட்டி மறுபடி போட்டான். மறுபடி சொல்லச் சொன்னான். சிங்களத்தில் சொல்லும்போது அவளுக்கே அந்த வரி வேறு மாதிரிக் கேட்டது. டோரீன் அழகு என்றதும் மாயாண்டி காதல் என்று சலித்ததும் இந்தப் பாட்டைத்தானா என்றிருந்தது.

“கப்பல்,” என்றாள்.

“என்ன கப்பல்?”

“தலைமன்னார்க் கப்பல், மாத்தயா. இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்தில் எங்கள் ஆட்களை அனுப்பினார்களே, அந்தக் கப்பல். என் அக்கா போனாள். அம்மா இன்னும் அவள் வருவாள் என்று இருக்கிறாள். இது அந்தப் பாட்டு.”

அதுவரை அவள் அப்படி நினைத்ததே இல்லை. வாயிலிருந்து வந்த பிறகுதான் அது உண்மையாக இருக்கும் என்று தோன்றி, கண் நிறைந்தது.

அதிகாரி அவளையே பார்த்தான். பிறகு மாயாண்டி பக்கம் திரும்பி, “இவனிடம் கேள். இதுதான் அர்த்தமா?” என்றான்.

இசபெல் தமிழில் கேட்டாள்.

மாயாண்டி அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “எனக்கு அந்தப் பாட்டே புடிக்காதும்மா. சரியாக் கேட்டது கூட இல்லே. என்னான்னு சொல்றது?”

“அவரும் அதைத்தான் சொல்கிறார், மாத்தயா.”

“இல்லை என்று தலையாட்டினானே.”

அதிகாரி மாயாண்டியின் அடையாள அட்டையைக் கேட்டான். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த மனுசரிடம் அது ஏது? சிப்பாய் அவரை உள்ளே கூட்டிப்போனான். இசபெல்லைப் போகச் சொன்னார்கள். திரும்பிப் பார்த்தால் மறுபடி கூப்பிட்டுவிடுவார்களோ என்று, தோட்டம் வரை குனிந்த தலை நிமிராமல் நடந்தாள்.

மறுநாள் விடிந்ததும் டோரீனிடம் போய் அழுதாள். இரண்டு பேரும் பங்குச் சாமியாரிடம் போனார்கள், தொழிற்சங்கத்து ஆபீசுக்குப் போனார்கள். மாயாண்டியை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டதாக மட்டும் தகவல் வந்தது. அவர் மனைவி ராக்காயி கடை வாசலில் வந்து நிற்பாள். எதுவும் கேட்க மாட்டாள். அவளைக் கண்டதும் இசபெல் கடையின் உள்பக்கம் போய்விடுவாள். கஸ்பரின் கசட்டுகளை எல்லாம் அள்ளி, பேக்கரி அடுப்பில் போடக் கொண்டுபோனாள். நாற்றம் நினைவுக்கு வர, போடாமல் திரும்பி, ஆற்றில் எறிந்தாள்.

அடுத்த வருசம் சித்திரைக்குப் பிறகு மாயாண்டியை விட்டார்கள். இடது கை மேலே எழும்பவில்லை. ஃபெக்டரியில் அவருக்குக் கூட்டுகிற வேலைதான் கொடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தார். இசபெல் பேச வாயெடுத்தாள்.

“நீ வேற சொல்லியிருந்தாலும் வெச்சிருப்பாங்க,” என்றார். “கார்ட் இல்லேல்ல. அதை விடு.”

டோரீன் தேநீர் வாங்கி வந்தாள்.

“அங்க அந்தப் பாட்டத்தான் போட்டுப் போட்டுக் கேட்டாங்க,” என்றார் மாயாண்டி. “இப்ப முழுக்க மனப்பாடம். ரெண்டாவது சரணம் இழுவை டீச்சர். அதை வெட்டியிருக்கணும்.”

“அதுதானே அண்ணே நல்ல சரணம்,” என்றாள் டோரீன். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மாயாண்டி விடவில்லை. இருவரும் கிசுகிசுவென்று தர்க்கம் பண்ணத் தொடங்கினார்கள். கப்பலைப் பற்றித்தான் அது என்று இசபெல் சொல்ல நினைத்தாள். அதற்குள் தெருவில் ஒரு ஜீப் வேகம் குறைந்தது. அவள் எழுந்து போய் மிச்சப் பலகையையும் சாத்தினாள்.

அந்தக் கடையில் அவள் இன்னும் பல வருசம் இருந்தாள். பக்திப் பாட்டும் சினிமாப் பாட்டும் மட்டும் பதிந்து கொடுத்தாள். எந்தக் கசட்டானாலும் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதினாள். மாதா பாட்டுக்குக்கூட எதற்கு இந்தச் சிங்களம் என்று சிலர் சிரித்தார்கள். அவள் எழுத்தின் மை காயும்வரை கசட்டைக் கையிலேயே பிடித்திருந்துவிட்டுக் கொடுப்பாள்.